படிக்காமல் சொன்ன சரி

காரின் பின் இருக்கையில் அந்தக் கணினிக்கு சீட் பெல்ட் போட்டுத்தான் மகள் கொண்டுவந்தாள். அரங்க வாசலில் இறக்கும்போது யாரோ கைகொடுக்க வந்தார்கள். "வேண்டாம், கனமில்ல" என்றாள். கனம்தான்.

அம்மாவின் கணினி. கறுத்த இரும்புப் பெட்டி. பக்கத் தகட்டில் ஒரு திருகு தொலைந்து, அந்த ஓட்டையின் மேல் அம்மா பசைநாடா ஒட்டியிருந்தாள். அம்மா போய் இருபத்துமூன்று நாள் ஆகிறது. நாடா இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது.

அரங்கம் என்றால் ஏதோ மாளிகை இல்லை. ஒரு தொழிற்பயிற்சிக் கல்லூரியின் மேல்மாடி. நூற்றிருபது நாற்காலி, அதில் பாதிக்கு ஒரு கால் குட்டை. யூனிக்ஸ் வழிவந்த ஓர் இலவச இயங்குதளத்தை எழுதுகிறவர்கள் அங்கே கூடியிருந்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய வெளியீடு. அடுத்ததற்கு இன்னும் பத்து நாள். அதில் என்ன வரப்போகிறது என்று பயன்படுத்துகிறவர்களுக்குச் செய்து காட்டும் நாள் அது. இந்த வேலைக்கு யாருக்கும் சம்பளம் கிடையாது. வீட்டில் திட்டு மட்டும் உண்டு.

குழுவின் தலைவரை எல்லாரும் தாடி என்பார்கள். அவர் தாடியை எடுத்துப் பதினோரு வருடமாகிறது. பெயரை எடுக்க முடியவில்லை. போன வாரம் அவர்தான் தொலைபேசியில் கேட்டார்.

"பாப்பா, கேள்விக்காரியோட மெஷினையே மேடையில வச்சு, புது வெளியீட்டுக்கு அப்கிரேட் பண்ணிக் காட்டலாம்னு இருக்கோம். அவங்களுக்கு அதைவிட மரியாதை என்ன இருக்கு?"

மகளுக்கு முப்பத்துநாலு வயது. அவருக்கு இன்னும் பாப்பாதான். "சரி மாமா" என்றாள். அந்த நாட்களில் யார் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கேள்விக்காரி என்பது அம்மாவுக்குக் குழு வைத்த பெயர். அந்தப் பெயர் வந்த கதையில்தான் அம்மாவின் பாதி வாழ்க்கை இருக்கிறது.

அம்மா கணினி படித்தவள் இல்லை. பொது நூலகத்தின் அட்டவணைப் பிரிவில் எழுத்தர். பதினோராயிரத்துச் சொச்சம் புத்தகங்களின் விவரத்தை அட்டையிலிருந்து கணினியில் ஏற்றும் வேலை அவள் தலையில் விழுந்தது. ஒன்றரை வருடம் ஏற்றினாள். பிறகு பழைய இயங்குதளம் அடிக்கடி படுத்துக்கொண்டதால், யாரோ கொடுத்த வட்டிலிருந்து இந்த இலவசத்தை நிறுவப் பார்த்தாள். நிரல் ஒரு கேள்வி கேட்டது: டிஸ்க் முழுவதையும் பயன்படுத்தவா? பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பதிலும் தயாராக இருந்தது: ஆம். அம்மா என்டரைத் தட்டினாள். ஐந்து நொடி. ஒன்றரை வருட வேலை போய்விட்டது.

நூலகத்தில் யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அம்மா அழுது தீர்த்திருப்பாள். தினமும் வேலை முடிந்தபின் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, நான்கு மாதத்தில் எல்லா அட்டைகளையும் மறுபடி ஏற்றினாள். பள்ளிவிட்டு வரும் மகள் எதிரே உட்கார்ந்து அட்டையைப் படித்துச் சொல்வாள். ஆசிரியர், தலைப்பு, அலமாரி எண். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. வீட்டில் இருந்தது அவர்கள் இரண்டே பேர். அதனால் நூலகமும் வீடாகத்தான் இருந்தது.

கடைசி அட்டை முடிந்த அன்று அம்மா அந்தக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினாள். 'வீட்டை இடிக்கலாமா என்று கேட்கிறீர்கள். பதிலையும் நீங்களே எழுதி வைத்துக்கொள்கிறீர்கள். கேட்காமலே இடித்தால் உங்களைத் திட்டவாவது முடியும்.'

தாடி ஒரே வரியில் பதில் போட்டார்: 'நியாயமான புகார். நிரலை நீங்களே மாற்றி அனுப்புங்கள்.' புகார் சொல்கிற எல்லாருக்கும் அவர் இதையேதான் எழுதுவார். அத்தோடு ஆள் ஓடிவிடும். அம்மா அதை மேலதிகாரியின் உத்தரவாக எடுத்துக்கொண்டாள். நூலகத்திலிருந்தே புத்தகம் எடுத்து ஆறு வாரம் படித்து, இரண்டு வரி மாற்றம் அனுப்பினாள். பதில் 'ஆம்' என்று இருந்த இடத்தில் 'நிறுத்து' வந்தது. வெறுமனே என்டர் தட்டினால் நிரல் ஒன்றும் செய்யாமல் நின்றுவிடும்.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம் நிறுவும் நிரல் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் அம்மாவுடையது. அழிக்கும் முன் டிஸ்கின் முழுப் பெயரையும் அடிக்க வேண்டும் என்று அவள் கொண்டுவந்தபோது கூட்டமே முணுமுணுத்தது. பதினாறு எழுத்து. நெட்வொர்க் பகுதியை எழுதுகிறவர், மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கிற குரல்காரர், அதனால் ஒலிபெருக்கி என்று பெயர் வாங்கியவர், நேரடியாகவே கேட்டார்.

"அக்கா, ஒரு எழுத்து தட்டினா பத்தாதா? பரீட்சையா எழுதறோம்?"

"பதினாறு எழுத்து அடிக்கிறதுக்குள்ள புத்தி வந்துடும்டா."

"வரலைன்னா?"

"அடுத்த வெளியீட்டுல முப்பத்திரண்டா ஆக்கறேன்."

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு பெரிய ஆளானாலும் தன் மாற்றத்தைத் தன் பொறுப்பில் மட்டும் சேர்த்துவிட முடியாது. இன்னொருவர் வரிவரியாகப் படித்து 'சரி' சொல்ல வேண்டும். சொன்னது யார் என்பது பதிவில் ஏறும். ஏறினால் அழியாது. அம்மாவிடம் சரி வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு படிப்பாள். மகள் தொலைபேசி நிறுவனத்தில் பொறியாளர். பத்து வருடமாக அவளும் குழுவில் இருக்கிறாள். அவள் அனுப்பிய முதல் மாற்றத்தை அம்மா ஏழுமுறை திருப்பி அனுப்பினாள். இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த காலம் அது.

இருபத்தாறு நாளைக்கு முன், ஆஸ்பத்திரியில் பகல் நாலு மணி. அம்மா மடிக்கணினியை மகள் பக்கம் திருப்பினாள்.

"இதைப் படிச்சு சரி சொல்லு."

"இப்ப என்னம்மா அவசரம்? தூங்கு."

"தூங்கத்தான் போறேன். இதை முடிச்சுட்டு."

மகளின் கண் திரையில் நிற்கவில்லை. குழாயில் சொட்டும் மருந்தில் நின்றது. முந்தின நாளைவிட மெதுவாகச் சொட்டுகிறதோ என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

"படிச்சியா?"

"படிச்சேன்."

"முழுசா?"

"முழுசாம்மா. சரி."

"எத்தனை வரி?"

"முப்பது இருக்கும்."

அம்மா சிரித்தாள். 'சரி: மகள்' என்று பதிவில் அடித்தாள். சேர்த்தாள். மூடினாள். மூன்றாம் நாள் காலையில் போய்விட்டாள்.

இப்போது மேடையில் கணினி ஏறிவிட்டது. மூன்றாவது வரிசை ஓரத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பொட்டலம் அக்கா. மற்றவர்கள் எழுதும் மென்பொருள்களை இந்த இயங்குதளத்துக்கு ஏற்றபடி பொட்டலம் கட்டித் தருகிறவர் என்பதால் அந்தப் பெயர். அக்கா மகளின் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தாள், அவ்வளவுதான்.

தாடி புதியவற்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். வயர்லெஸ் வேகம் கூடியிருக்கிறது. பழைய ஒலி அட்டைகள் மறுபடி பேசுகின்றன. பிறகு திரையில் அம்மாவின் படம் வந்தது. மகள் சட்டென்று தலையைக் குனிந்து மடிக்கணினியைத் திறந்தாள். அந்தப் படத்தைப் பார்க்காமல் இருக்க வேறு எதையாவது பார்க்க வேண்டியிருந்தது. கை தானாக அம்மாவின் கடைசி மாற்றத்தைத் திறந்தது. இன்றைக்காவது படித்துவிடலாம் என்று நினைத்தாள்.

மேடையில் தாடியின் குரல்: "இந்த வெளியீட்டுல பெரிய விஷயம் இதுதான். கணினி கிளம்புற முறையையே மாத்தியிருக்கோம். அதனால அப்கிரேட் பண்ணும்போது டிஸ்கோட முன்பகுதியை அழிச்சுப் புதுசா எழுதணும். எந்த டிஸ்க்னு நிரலே கண்டுபிடிச்சுச் சொல்லும். அந்தப் பகுதி கேள்விக்காரி எழுதினது. அவங்க கடைசியா எழுதினது."

கைத்தட்டல். மகள் படித்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்தொரு வரி. ஒவ்வொரு டிஸ்காக எடுத்துக்கொள். அதன் பெயரைக் குறித்து வை. உள்ளே பார். பழைய இயங்குதளம் இருந்தால் 'கிடைத்தது' என்று குறி. அடுத்த டிஸ்குக்குப் போ.

அடுத்த டிஸ்குக்கு ஏன் போக வேண்டும்?

மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள். கிடைத்த பிறகு நிரல் நிற்கவில்லை. அடுத்ததையும் எடுக்கிறது, அதன் பெயரை முதல் பெயரின் மேல் எழுதிக்கொள்கிறது. எல்லாம் முடியும்போது 'கிடைத்தது' என்ற குறிப்பு இருக்கும். ஆனால் பக்கத்தில் நிற்கும் பெயர் கடைசி டிஸ்கினுடையதாக இருக்கும். ஒரே டிஸ்க் உள்ள கணினியில் இது தெரியாது. குழுவில் எல்லாருடைய சோதனைக் கணினியிலும் ஒரே டிஸ்க்தான்.

மேடையில் இருந்த கணினியில் இரண்டு.

முதல் டிஸ்க் போன வருடம் செத்துப்போய், மகள்தான் புதிது வாங்கி மாட்டினாள். அதில் இயங்குதளம் மட்டும் இருந்தது. இரண்டாவதில் அம்மாவின் இருபத்திரண்டு வருடம். அந்த முதல் கடிதம், நூலக அட்டவணை, ஒவ்வொரு கேள்வியையும் ஏன் அப்படி எழுதினாள் என்ற குறிப்புகள். முன்பகுதி அழிந்தால் அத்தனையும் போய்விடும். வேறு பிரதி கிடையாது. 'ஒரே பிரதின்னா பிரதியே இல்லைன்னு அர்த்தம்' என்று ஊருக்கெல்லாம் சொன்ன அம்மா, படுக்கையில் விழுந்த பிறகு இன்னொரு பிரதி எடுக்கவில்லை. மகளும் எடுக்கவில்லை. அந்தக் கோப்புகளைத் திறக்கும் தைரியம் வரவில்லை.

ஒருவேளை தான் தப்பாகப் படிக்கிறோமோ? நிறுவும் நிரல் அவள் பகுதி இல்லை. எழுந்து சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரிந்தது. அம்மாவின் கடைசி வேலை பிழை என்று அவள் படத்துக்குக் கீழே நின்று, நூற்றிருபது பேர் முன்னால் சொல்ல வேண்டும். அதோடு அடுத்த கேள்வி வரும். சரி சொன்னது யார்?

ஒலிபெருக்கி கணினி முன் உட்கார்ந்துவிட்டார். விசைப்பலகையில் அவர் அடிப்பது மேல்திரையில் தெரிந்தது.

"பாருங்க, ஒண்ணுமே இல்ல. என்டர், என்டர், என்டர். சின்னக் குழந்தைகூடப் பண்ணும்."

மொழி. என்டர். நேரம். என்டர். அம்மா எழுதிய கேள்விகள் ஒவ்வொன்றாக மேலே ஏறிப்போயின. மகள் மூன்றாம் முறை படித்தாள். இரண்டு டிஸ்கை மனத்தில் வைத்து விரல் விட்டு எண்ணினாள். முதல் சுற்று. இரண்டாம் சுற்று. பெயர் மாறுகிறது. மாறத்தான் மாறுகிறது.

"ஆ, இதோ. கண்டுபிடிச்சிடுச்சு" என்றார் ஒலிபெருக்கி. திரையில் வரி நின்றது.

இந்த டிஸ்கின் முன்பகுதி அழிக்கப்படும். தொடர, டிஸ்கின் முழுப் பெயரை அடிக்கவும். [நிறுத்து]

மேலே டிஸ்கின் பெயர். அம்மாவின் கோப்புகள் இருந்த பழைய டிஸ்கின் பெயர். மகளுக்கு அது மனப்பாடம்.

"நம்ம அக்காவோட பதினாறு எழுத்துப் பரீட்சை" என்று ஒலிபெருக்கி சொன்னார். அரங்கம் சிரித்தது. அவர் அடிக்க ஆரம்பித்தார். இரண்டு. மூன்று. நான்கு. ஒவ்வொரு எழுத்தாகத் திரையைப் பார்த்து அடித்தார். ஏழு. எட்டு.

"அண்ணா, நிறுத்துங்க!"

தன் குரல்தான் என்று மகளுக்கு உடனே தெரியவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"கையை எடுங்கண்ணா. விசைப்பலகையிலேர்ந்து கையை எடுங்க."

ஒலிபெருக்கி இரண்டு கையையும் மேலே தூக்கினார். துப்பாக்கியைக் கண்டவர் மாதிரி. திரையில் ஒன்பது எழுத்து நின்றது.

"என்ன பாப்பா?" என்றார் தாடி.

"தப்பான டிஸ்க். கிடைச்ச பிறகு நிரல் நிக்கல. ரெண்டு டிஸ்க் இருந்தா கடைசியா பார்த்ததை அழிச்சிடும். பத்தொன்பதாவது வரிக்குக் கீழ பாருங்க."

தாடி தன் கணினியில் திறந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். அரங்கில் யாரோ இருமினார்கள். அவர் உதடு மட்டும் அசைந்தது.

"ஆமா" என்றார்.

மகள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். இப்போது உட்கார்ந்துவிடலாம். யாரும் எதுவும் கேட்கவில்லை. பதிவைத் திறந்து பார்க்கிறவன் பார்த்துக்கொள்வான். அம்மாவுக்கு அன்று காய்ச்சல், அவள்மேல் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

"அதுக்குச் சரி சொன்னது நான்தான்" என்றாள். "படிக்கல. படிச்சேன்னு சொன்னேன். எத்தனை வரின்னுகூடக் கேட்டாங்க. குத்துமதிப்பா ஒண்ணு சொன்னேன். அம்மா தப்பு விட்டாங்க, யாரும் விடுவாங்க. அதைப் பிடிக்கத்தான் இன்னொரு ஆள். அந்த ஆள் நான். நான் இல்லாம போயிட்டேன்."

தாடி கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நானும் படிக்கல பாப்பா" என்றார். "கேள்விக்காரி எழுதினது, நாம என்ன படிக்கிறதுன்னு விட்டுட்டேன். ஒரு மாசமா எல்லாரும் ஓட்டிப் பார்க்கறோம். ஒருத்தன்கூடப் படிக்கல. பத்து நாள்ல வெளிய போயிருக்கும். எத்தனை பேர் வீட்டுல ரெண்டு டிஸ்க் இருக்கோ."

ஒலிபெருக்கி மெல்லக் கேட்டார், அவருக்கு அப்படியும் ஒரு குரல் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. "இப்ப நான் கையை இறக்கலாமா?"

"என்டரை மட்டும் தொடாதீங்க. ஒன்பதையும் அழிங்க. அப்புறம் வெறும் என்டர்."

அழித்தார். வெறும் என்டர் தட்டினார். 'நிறுத்தப்பட்டது. எதுவும் மாற்றப்படவில்லை' என்றது திரை. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அம்மா அனுப்பிய முதல் இரண்டு வரியின் வேலை அது.

திருத்தம் ஒரே வரிதான். கிடைத்தால் நில். மகள் மேடை ஓரத்தில் நின்றபடியே எழுதினாள். கீழே குறிப்பும் எழுதினாள்: 'இரண்டு டிஸ்க் இருந்தால் தவறானதைத் தேர்ந்தெடுக்கும் பிழை திருத்தப்பட்டது. முந்தைய மாற்றத்துக்குச் சரி சொன்னவள் நான். அப்போது படிக்கவில்லை.'

"கடைசி ரெண்டு வாக்கியம் வேணுமா?" என்று தாடி கேட்டார். "பதிவுல ஏறினா போகாது."

"போக வேண்டாம்."

சரி சொல்ல ஆள் வேண்டும். தாடி வாயைத் திறக்கும் முன் பொட்டலம் அக்கா மடிக்கணினியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். படித்தாள். ஒரு நிமிடம் ஆனது. மூன்றானது. நூற்றிருபது பேர் ஒருத்தி படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது நிமிடத்தில் பின்வரிசையில் யாரோ, "ஒரே ஒரு வரிதானே?" என்றார்.

அக்கா தலையைத் தூக்கவில்லை. "அந்த ஒரு வரி எங்க உட்கார்ந்திருக்குன்னு பார்க்க வேண்டாமா? பேசாம இருங்க."

எட்டாவது நிமிடத்தில் நிமிர்ந்தாள்.

"முப்பத்திரண்டு வரி. எல்லாத்தையும் படிச்சேன். சரி."

மகள் அப்போதுதான் அழுதாள். அதிக நேரம் இல்லை.

ஒலிபெருக்கி புதிய நிரலை ஏற்றி, நாற்காலியை இழுத்துப் போட்டார். "இப்ப அடிக்கலாமா?"

"முதல்ல காப்பி" என்றாள் மகள். "பிரதி எடுக்காம அந்த மெஷின்ல யாரும் ஒரு எழுத்து அடிக்கக் கூடாது."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாற்பது நிமிஷம்."

"நிகழ்ச்சி இருக்கே பாப்பா" என்றார் ஒலிபெருக்கி.

"இருக்கட்டும் அண்ணா. பதறாத காரியம் சிதறாதுன்னு உங்களுக்கு யார் சொல்வாங்க?"

அது அம்மா அவரிடம் மட்டும் நூறுமுறை சொன்னது.

கூட்டம் தேநீருக்குக் கலைந்தது. மகள் ஒரு வெற்று டிஸ்கைக் கடன் வாங்கிச் செருகி, திரையின் முன் உட்கார்ந்தாள். கோப்புகளின் பெயர்கள் வரிசையாக ஓடின. அட்டவணை. முதல் கடிதம். கேள்விகள், வருடவாரியாக. மகளின் முதல் மாற்றம், ஏழு திருப்பங்களோடு. எதையும் திறக்கவில்லை. ஓடுவதைப் பார்த்தாள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அம்மா சிரித்தது, மகள் படிக்கவில்லை என்று தெரிந்துதானா என்பது எந்தக் கோப்பிலும் இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

நாற்பத்துமூன்று நிமிடம் ஆனது. போனவர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்பி வந்தார்கள். கோப்பையோடு நின்றுகொண்டே பார்த்தார்கள். கேள்வி மறுபடி வந்தது. இந்தமுறை புது டிஸ்கின் பெயர். ஒலிபெருக்கி எழுந்து இடம் விட்டார்.

மகள் கேள்வியை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். டிஸ்கின் பெயரைப் பெட்டியின் மேல் அம்மா ஒட்டியிருந்த சீட்டோடு ஒப்பிட்டாள். புது டிஸ்கின் பெயரை அதில் அம்மாதான், போன வருடம், பென்சிலால் எழுதியிருந்தாள். பிறகு அடித்தாள். ஒன்பதாவது எழுத்தில் நிறுத்தி மறுபடி ஒருமுறை பார்த்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

மிச்சம் ஏழு எழுத்தையும் அடித்துவிட்டு என்டரைத் தட்டினாள்.